அப்பா பார்த்துக் கொடுத்த சைக்கிள் வழி

சாம்பியன் ரீப்ஸ்
நவம்பர் 29, சனிக்கிழமை

அன்புள்ள நரேஷுக்கு, அம்மா ஆசியோடு சொல்லச் சொல்ல ஸ்வாதி எழுதுவது. நானும் உன் தங்கையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அப்பாவையும் அதே வரியில் சேர்த்து எழுத எனக்கு மனம் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். நீ மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உடனே ஏசி அறைக்குள் போகாமல், நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் ஏழு வாரமாக நீ பேசவில்லை. நான் கூப்பிட்டால் வெட்டிவிட்டு 'டூட்டி' என்று ஒரு வார்த்தை அனுப்புகிறாய். அப்பா கூப்பிட்டால் அதுவும் இல்லை. எனக்குத் தெலுங்கில்தான் எழுத வரும், நான் பிறந்த குப்பம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த படிப்பு அவ்வளவுதான், அதை உனக்குப் படிக்கத் தெரியாது. அங்கே உன்னோடு இருக்கும் ரூபேஷ் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை அங்கே திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நான் பேசுகிற மாதிரியே எழுதடி என்றால், கடிதம் என்றால் ஒழுங்கான தமிழில்தான் இருக்க வேண்டும் என்கிறாள் ஸ்வாதி. விஷயம் மாறாமல் இருந்தால் சரி என்று விட்டுவிட்டேன்.

வீட்டுச் செய்தி சொல்கிறேன். ஐப்பசி மழையில் பின்கட்டு ஷீட் ஒழுகியது, அப்பா தார் பூசி அடைத்தார். தண்ணீர் ஐந்து நாளைக்கு ஒரு முறை வருகிறது. ஸ்வாதி கன்னடத்தில் வகுப்பிலேயே முதல், கணக்கில் மட்டும் யாரோ பிடித்துத் தள்ள வேண்டும். வீட்டு வாசலில் நடக்க இடமில்லை, காரணம் உனக்கே தெரியும். சைக்கிள் கிளப் முடிந்தது, எல்லோரும் சைக்கிளை எங்கள் வீட்டில் விட்டுவிடுங்கள் என்று நீ குரூப்பில் போட்ட மறுநாளே பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒருவர்கூட ஏறி ஓட்டி வரவில்லை, எல்லோரும் தள்ளிக்கொண்டே வந்தார்கள். இருபத்தாறு சைக்கிள்கள் இப்போது ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. பால்காரர் தினமும், 'இன்னாம்மா, சைக்கிள் கடை போட்டுட்டீங்களா?' என்று கேட்பார். போன வாரம்தான் யாரோ சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது, இப்போது கேட்பதில்லை.

அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் நீ இதை ஆரம்பித்த நாள் கண்ணில் வருகிறது. எட்டாவது படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள்கள் ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் துருப்பிடித்து, ஈரத்துணி போடுகிற கம்பியாகக் கிடந்தன. நீதான் வீடு வீடாகக் கேட்டு வாங்கி, அந்தோணி வீட்டு நோயலைக் கூட வைத்துக்கொண்டு, டியூபும் பிரேக்கும் மாற்றி ஓட வைத்தாய். பையன்கள் மீசை முளைத்தால் மோட்டார் பைக்கைத் தவிர வேறெதையும் தொட மாட்டார்கள், பெண்பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார்கள், மீதிப் பேர் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடப்பார்கள், உன் கிளப்புக்கு யாரடா வருவார்கள் என்று நான் சிரித்தேன். நீ ஒரு சட்டம் வைத்தாய். மூன்று ஞாயிறு விடாமல் காலை ஆறு மணிக்கு கிரவுண்டுக்கு வருகிறவர் ஒரு சைக்கிளைத் தன் வீட்டுக்கே எடுத்துப் போய்ப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிக்கொள்ளலாம், ஒரு ஞாயிறு தவறினால் அது அடுத்தவர் கைக்குப் போய்விடும். அந்த மூன்று ஞாயிறும் பிள்ளைகள் சைக்கிளுக்காக வந்தார்கள், நான்காவது ஞாயிறு ஓட்டுவதற்காகவே வந்தார்கள். நம் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் ஆள் இறங்கிய கூண்டான கேஜுக்கு மணி அடிக்கும் முறையை அப்பாவிடம் கேட்டு, அதேபோல ஒன்று வைத்தாய். ஒரு மணி என்றால் நில், இரண்டு என்றால் போ, மூன்று என்றால் ஆள் விழுந்துவிட்டது. அப்பாவின் சிநேகிதன் கிளாரன்ஸ், வயதுக்கு வந்த தன் மகள் ஐடாவை அனுப்பியதுதான் எல்லோருக்கும் ஆச்சரியம். அந்தப் பெண் ஒரு வருஷத்தில் பூதிகோட்டை வரை போய் ஒரு இடத்திலும் இறங்காமல் திரும்பி வந்தாள். அவளைப் பார்த்துத்தான் நம் ஸ்வாதியும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே வந்தாள்.

நீ மஸ்கட் போன பிறகு நோயல்தான் நடத்தினான், நன்றாகவே நடத்தினான். இந்த ஜனவரியில் பங்காருபேட்டை ரோட்டில் ஒரு டிப்பர் லாரி ஒரு பையனின் ஹேண்டில்பாரை உரசிக்கொண்டு போனது உனக்கு நினைவிருக்கும். கீறல்கூட இல்லை, ஆனாலும் அடுத்த ஞாயிறு கிரவுண்டில் ஆறு பேர்தான் இருந்தார்கள். அப்புறம்தான் அப்பா ஒரு வழி பார்த்துக் கொடுத்தார். சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் குவித்த டம்ப்புக்குப் பின்னால், நந்திதுர்க் சுரங்கப் பக்கம் போகிற மூன்று மைல். லாரி இல்லை, பஸ் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. சர்வே ஆபீசில் பன்னிரண்டு வருஷம் அளவுச் சங்கிலி பிடித்தவர் அவர். பூமிக்கடியில் ஒவ்வொரு லெவலிலும் அளந்ததை மேலே வந்து தரையிலும் அளந்தவர். வேலைக்கு ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, ஒவ்வொரு அடியாக நடந்து, இந்தத் தரைக்கு அடியில் எது இருக்கிறது என்று யோசித்து யோசித்துக் கல்லில் சுண்ணாம்பு அடித்தார். நான் சாப்பாடு கொண்டுபோனபோது என்னையும் நிறுத்திக் காட்டினார். 'இங்க கீழ காலி, சுத்திப் போவணும். இது சந்தேகம், மழை பெஞ்சா பாக்கணும். இது கீழ கருங்கல் அடுக்கி ரொப்பி பேக் பண்ண எடம், நானே கூட நின்னு பாத்தேன், இங்க யானை நின்னாலும் இறங்காது.' மூடின சுரங்கத்தைப் பற்றி அவர் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. மார்ச்சில் கிளப்புக்கு முப்பது பிள்ளைகள் வந்தார்கள். மழை பெய்தால் அப்பா விடியலில் எழுந்து ஒரு கம்பியோடு போய், சந்தேகமான ஐந்து இடங்களையும் குத்திப் பார்த்துவிட்டு வந்துதான் அவர்களை விடுவார். அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தவளே எழுதட்டும்.

அண்ணா, இந்தப் பகுதி ஸ்வாதியாகிய நான் எழுதுவது. எதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுத முயல்கிறேன். அக்டோபர் பன்னிரண்டு, ஞாயிறு. மூன்று நாள் மழை முந்தின நாள்தான் விட்டிருந்தது. அப்பா ஐந்து இடங்களையும் பார்த்துவிட்டு வந்து, 'போங்க, மெதுவா போங்க' என்றார். நாங்கள் இருபத்திரண்டு பேர். ஐடா முன்னால், நான் அவளுக்குப் பின்னால், நோயலண்ணா கடைசியில். நான் டம்ப்பின் மேல் மழை கிழித்த கோடுகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன் போலிருக்கிறது, ஐடா திரும்பிப் பார்த்து, 'ஏய் லைப்ரரி, சைக்கிள் ஓட்றியா இல்ல படிக்கிறியா? மிதிடி!' என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். சுரங்கத்துக்குள் காற்று அனுப்பிய பழைய ஃபேன் ஹவுஸின் சுவரைத் தாண்டினால் நேர்வழி வரும். யானை நின்றாலும் இறங்காது என்று அப்பா சொன்ன இடம் அதுதான், அங்கேதான் எல்லோரும் வேகமாக மிதிப்போம். பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. சாக்கிலிருந்து அரிசி சரிகிற சத்தம்தான். ஐடாவின் முதுகு தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. நான் பிரேக் பிடித்தேன், என் முன்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. மூன்று மணி அடித்தேன். மறுபடியும் மூன்று, மறுபடியும் மூன்று. நோயலண்ணா வந்து என் கையை மணியிலிருந்து பிரித்து எடுக்கும்வரை அடித்துக்கொண்டே இருந்தேனாம். உள்ளே இரண்டு ஆள் ஆழம். ஐடா சைக்கிளுக்கு அடியில் கிடந்தாள். அவள் முதலில் சொன்னது, 'கிட்ட வராதடி, மண்ணு வுழுது' என்பதுதான். ஒரு பையன் ஓடிப்போய் அப்பாவைக் கூட்டிவந்தான். ஓரம் சரியச் சரிய அப்பா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டார். ஃபயர் சர்வீஸ் வந்து தூக்கும்வரை முக்கால் மணி நேரம் ஐடாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஆனால் அவளைப் பார்க்கவில்லை, அண்ணா. பள்ளத்தின் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். 'கல்லு எங்க போச்சு? நாங்க அடுக்கின கல்லு எங்க போச்சு?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மேலே நின்ற எங்களைத்தான் கேட்கிறார் என்று நினைத்து ஒரு சின்னப் பையன், 'தெரில அங்கிள்' என்று பதில் சொன்னான்.

இனி அம்மா. அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டாய். அப்பா சட்டையில் இருந்த மண்ணைக்கூடத் தட்டவில்லை, கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். 'உன்ன யாரு வழி சொல்லச் சொன்னது? சொல்லுப்பா, உன்ன யாரு கேட்டாங்க?' என்று நீ கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. அப்பா, 'யாரும் கேக்கல. நானாத்தான் சொன்னேன்' என்றார். நீ போனை வைத்தாய். அதற்குப் பிறகு இன்றுவரை அவரோடு நீ பேசவில்லை.

ஐடாவுக்குத் தொடை எலும்பும் இடுப்பும் முறிந்துவிட்டன. முதலில் இங்கே கட்டுப்போட்டு, பிறகு பெங்களூருக்குக் கொண்டுபோய்க் கம்பி வைத்தார்கள். இருபது நாள் கழித்து வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். இடது கால் ஒன்றரை அங்குலம் குறைவாகத்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மார்ச்சில் அவளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை, ஸ்வாதி பள்ளிக்கூடத்து அக்காக்களிடம் நோட்டு வாங்கி அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். முதலில் இரண்டு நாள் ஐடா முகம் கொடுத்துப் பேசவில்லையாம். மூன்றாம் நாள், ஞாயித்துக்கெழம எத்தினி பேரு வந்தாங்க என்று கேட்டிருக்கிறாள். யாரும் வருவதில்லை, அண்ணன் கிளப்பை மூடிவிட்டார் என்று இவள் சொன்னாள். 'அப்போ நான் வுழுந்தது உங்க எல்லாருக்கும் லீவாடி?' என்று கேட்டுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாளாம். அதற்கு என்ன பதில் சொல்வது என்று இவள் வந்து என்னைக் கேட்டாள்.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? பள்ளத்தைச் சுற்றி முள் வெட்டிப் போட்டார். அடித்த சுண்ணாம்பையெல்லாம் மூன்று மைலும் நடந்து, ஒவ்வொரு கல்லாகத் தேய்த்து அழித்தார். அதற்குள் ஊரில் பேச்சு வேறு மாதிரி திரும்பிவிட்டது. கிளப் ஆரம்பித்தவன் வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே நடத்துகிறான், நம் பிள்ளைகள் இங்கே குழியில் விழுகின்றன என்று தண்ணீர்க் குழாயடியில் என் காதுபடப் பேசினார்கள். வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே சொன்னேன். அப்பா எழுந்து சட்டை போட்டுக்கொண்டு போனார். அன்றும் மறுநாளும் கிளப் பிள்ளைகளின் வீடு ஒன்று விடாமல் போய் வாசலில் நின்று, 'அந்த வழி நான் சொன்னது. என் பையனுக்கு இதுல சம்பந்தம் இல்ல, அவனுக்குத் தெரியவே தெரியாது' என்று சொல்லிவிட்டு வந்தார். சிலர், அட விடுங்க, நீங்க இன்னா பண்ணுவீங்க என்றார்கள். ஒருத்தி, 'வயசாச்சே, வேலையப் பாத்துட்டுப் போவ வேண்டியதுதான' என்று கதவைச் சாத்தினாளாம். கிளாரன்ஸ் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். ஐடாவின் அம்மா பியாட்ரிஸ் அழுதுகொண்டே, உள்ள வாங்கண்ணா என்றாள். கிளாரன்ஸ் நாற்காலியை விட்டு எழவில்லை, அப்பாவைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டான். 'அண்டர்கிரவுண்டு பூரா உனக்குத் தெரியும்னு சொன்ன சம்பங்கி. எம்பொண்ணு மேலதானப்பா ஓட்டினா' என்றான். அவ்வளவுதான் சொன்னான். அப்பா தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

அவர்கள் இருவரும் எப்படி இருந்தார்கள் என்று உனக்குத் தெரியும். சுரங்கம் மூடியதிலிருந்து விடியற்கால ரயிலில் ஒரே பெட்டியில், எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்து பெங்களூர் போனவர்கள். நடுவில் ஒரு துண்டை விரித்து வைட்ஃபீல்டு வரும்வரை சீட்டு. யார் முதலில் ஏறினாலும் மற்றவனுக்கு இடம் போடுவான். இப்போது கிளாரன்ஸ் கடைசிப் பெட்டியில் ஏறுகிறானாம். நம் அப்பா ஒரு மாதமாகப் பழைய பெட்டியிலேயே ஏறி, எதிர் இடத்தில் துண்டைப் போட்டுவைத்து, பங்காருபேட்டையில் கூட்டம் ஏறியதும் எடுத்துவிடுகிறாராம். ரூபேஷின் அப்பா பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார். வீட்டில் கேட்டால், இன்னா கீது அதுல, கூட்டம் என்பார். சோறு முன்பு சாப்பிட்டதில் பாதிகூட இல்லை. தரையில் நடக்கும்போது, நம் வீட்டுக்குள்ளேயே, நின்று நின்று காலை வைக்கிறார். 'சுரங்கத்துல தண்ணி ஏறினப்புறம் கீழ கீறது நான் பாத்த ஊரு இல்ல சகுந்தலா. இருவத்திநாலு வருஷம். அது தெரியாம வாயத் தொறந்துட்டேன்' என்று ஒரு நாள் சொன்னார். சந்தேகப்பட்ட ஐந்து இடமும் இன்னும் அப்படியே இருக்கின்றன, நரேஷ். அவர் சந்தேகப்படாத இடம்தான் போனது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

நான் சொல்ல வந்ததை இப்போது சொல்கிறேன், பொறுமையாகப் படி. ஜனவரியில் அந்த டிப்பர் உரசியதற்கு அடுத்த வாரம், புதன்கிழமை என்று நினைக்கிறேன், நீ கூப்பிட்டாய். நான் பருப்பு கடைந்துகொண்டிருந்தேன், போன் அரிசி டின் மேல் இருந்தது, அப்போதும் ஸ்பீக்கர்தான். ஆறு பேர்தான் வந்தார்களாம், கிளப் போய்விடும்போல இருக்கிறது என்று நீ வருத்தப்பட்டாய். ரோடு வேணாம்ப்பா, உனக்குத் தெரியாத எடமா, டம்ப்புக்குப் பின்னாடி ஒரு வழி பாத்துக் குடு என்றாய். அப்பா உடனே சரி என்று சொல்லவில்லை. 'அங்க வேணாம்டா. நாங்க கீழருந்து ஏறி வந்து ரொம்ப நாளாச்சு' என்றார். நீ விடவில்லை. 'நீயே இப்பிடிச் சொன்னா எப்பிடிப்பா, சர்வேயில இருந்தேன்னு ஊரெல்லாம் பெருமை பேசுவியே' என்று சிரித்தாய். அவரும் சிரித்துவிட்டார். மறுநாள் லீவு எழுதிக் கொடுத்தார். உன்னை யார் கேட்டார்கள் என்று நீ கத்தினாயே, நீதானப்பா கேட்டாய். உனக்கு மறந்திருக்கலாம், பயத்தில் மனிதனுக்கு எல்லாம் மறக்கும். எனக்கு மறக்கவில்லை. அவருக்கும் மறக்கவில்லை, மறக்காமல்தான் நானாத்தான் சொன்னேன் என்றார். உன்மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. நீ நல்லதுக்குக் கேட்டாய், அவர் நல்லதுக்குச் சொன்னார், அந்தப் பெண்ணின் கால் முறிந்தது. மூன்றும் உண்மை. ஆனால் இரண்டு பேர் தூக்க வேண்டியதை ஒருவர் தலையில் வைத்துவிட்டு நீ அங்கே பேசாமல் இருக்கிறாய். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

கிளப்பைப் பற்றி எனக்கு முழுதாகத் தெரியாது. ஸ்வாதியை இனி சைக்கிளில் ஏற விடமாட்டேன் என்று சொன்னேன், இன்றும் அதைத்தான் சொல்கிறேன், எழுதிக்கொண்டிருக்கும்போதே இவள் கை நிற்கிறது, ஆனால் எழுதுகிறாள். நோயல் இரண்டு முறை வந்துவிட்டுப் போனான். கிரவுண்டுக்குள்ளேயே சுற்றட்டும், ரோட்டுக்கு அப்புறம் பார்க்கலாம், அண்ணன் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்கிறான். ஞாயிறு காலையில் பத்துப் பதினோரு பிள்ளைகள் இன்னும் நம் வாசலில் வந்து, அவரவர் சைக்கிளின் காற்றை அழுத்திப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். போகும்போது அம்மா வரோம் என்பார்கள், வேறெதுவும் கேட்க மாட்டார்கள். நீ என்ன முடிவு செய்தாலும் செய், ஆனால் ஒரு வரி மெசேஜில் செய்யாதே. ஐடாவிடம் பேசிவிட்டுச் செய்.

இதுவரை எழுதி முடித்தபோது அப்பா வேலையிலிருந்து வந்தார். செக்யூரிட்டி உடுப்போடு, ஷூவைக்கூடக் கழற்றாமல், யாருக்கு லெட்டரு என்று கேட்டார். ஸ்வாதிக்குப் பொய் சொல்லத் தெரியாது, எடுத்து நீட்டிவிட்டாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் படித்தார். ஜனவரி போன் வந்த இடத்தில் விரலை வைத்து, 'இத அடி' என்றார். அடிக்க மாட்டேன், ஏழு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று நான் கத்தினேன். அவர் கத்தவில்லை. 'அதுக்கில்ல சகுந்தலா. அவன் பன்னெண்டாவது மாடிக்கு சாரம் கட்றவன். ரூபேஷ் கொண்டும்போய் சாயந்தரம் குடுப்பான், இவன் ராத்திரி பூரா இதையே நெனச்சிட்டு, காலைல மேல ஏறுவான். கால் எங்க வெக்கிறோம்னு தெரியுமா அவனுக்கு? அடி' என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை, நரேஷ். பெற்றவள் எனக்குத் தோன்றவில்லை. அப்புறம் ஸ்வாதிதான், அண்ணாவுக்கு வெள்ளிக்கிழமை லீவுதானே, அன்றைக்குப் படிக்கட்டும் என்றாள். அப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேனாவை வாங்கி, கவரின் மேல், வெள்ளிக்கிழமை மட்டும் பிரிக்கவும் என்று தன் கையாலேயே எழுதினார். மட்டும் என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டார். வியாழக்கிழமை டூட்டி முடிந்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று ரூபேஷிடம் சொல்ல இப்போதே கிளம்பிப் போயிருக்கிறார். அதனால் நீ இதைப் படிக்கும் நாள் வெள்ளிக்கிழமைதான் என்ற தைரியத்தில் முடிக்கிறேன்.

முறுக்கும் பருப்புப் பொடியும் ரூபேஷ் பையில் இருக்கின்றன, பொடியைக் கூட இருப்பவர்களுக்கும் கொடு. கார்த்திகைக்கு உன் பேரிலும் ஒரு விளக்கு வைப்பேன். ஆண்டவன் உன்னை எந்த உயரத்திலும் கால் பிசகாமல் காப்பாற்றட்டும், நீண்ட ஆயுளோடு இரு. முதலில் சாப்பிடு. பிறகு நம் ஊர் எட்டரை மணிக்கு, உனக்கு ஏழு மணி, அப்பாவின் போனுக்கே கூப்பிடு, என் போனுக்கு வேண்டாம். எடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருப்பார், வைத்துவிடாதே. நான்தான்ப்பா கேட்டேன் என்று நீ சொன்னால், இல்லை என்பார். இரண்டாம் முறையும் சொல்.

உன் அம்மா,
சகுந்தலா

எழுதியது: ஸ்வாதி